இறக்கையும் உண்டு, நேராகவும் எழும்பும்: உங்கள் ட்ரோன் விதிப்படி எந்த வகை?

ட்ரோன் செய்யும் கல்லூரி மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "சார், எங்க ட்ரோனுக்கு இறக்கை இருக்கு. மேலே எழும்ப நாலு மோட்டாரும் இருக்கு. ஃபார்ம்ல ஏரோபிளேன்னு போடறதா, ரோட்டர்கிராஃப்ட்னு போடறதா?"

இரண்டுமே இல்லை. மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது: ஹைப்ரிட். பேட்டரியும் பெட்ரோலும் சேர்ந்து ஓடும் காரை நினைத்துக்கொண்டு பலர் இந்த இடத்தில் குழம்புகிறார்கள். ட்ரோன் விதிகளில் ஹைப்ரிட் என்ற சொல்லுக்கும் எரிபொருளுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பொறியை வானத்தில் எது தாங்கிப் பிடிக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி.

மத்திய அரசு 2021 ஆகஸ்ட் 25 அன்று ட்ரோன் விதிகளை அறிவித்தது. அதே ஆண்டு மார்ச்சில் வந்திருந்த கடுமையான விதிகளை நீக்கிவிட்டு இவை வந்தன. 25 படிவங்கள் 5 ஆகின, 72 வகைக் கட்டணங்கள் 4 ஆகின. ஆளில்லா விமானங்களை இந்த விதிகள் மூன்று வகையாகப் பிரிக்கின்றன. இறக்கையின் பலத்தில் பறந்தால் ஏரோபிளேன். சுழலும் ரோட்டர்களின் பலத்தில் நின்றால் ரோட்டர்கிராஃப்ட். கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் குவாட்காப்டரும் வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனும் இதில்தான் சேரும். மூன்றாவது ஹைப்ரிட். நேராக எழும்பி நேராக இறங்க வேண்டும். அந்த நேரத்தில் அதைத் தாங்குவது பெரும்பாலும் மோட்டாரின் விசையாக இருக்க வேண்டும். முன்னோக்கிப் பறக்கும்போது சுழலாத இறக்கை தாங்க வேண்டும்.

அந்தச் "சுழலாத" என்ற சொல்தான் பிரிவைத் தீர்மானிக்கிறது. ஹெலிகாப்டரின் விசிறியும் ஒருவகை இறக்கைதான், ஆனால் சுழலும் இறக்கை. குவாட்காப்டர் எவ்வளவு வேகமாக முன்னே போனாலும் அதைத் தாங்குவது ரோட்டர்தான் என்பதால் அது ஹைப்ரிட் ஆகாது. அழகுக்காக இரண்டு பக்கமும் தகடு ஒட்டினாலும் ஆகாது.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் இறக்கையும் மோட்டாரும் சேர்த்துக் கட்ட வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

10 கிலோ எடையுள்ள ட்ரோனை எடுத்துக்கொள்வோம். 18 அங்குல ப்ரொப்பெல்லர் நான்கு. இது அந்தரத்தில் நிற்க வேண்டுமானால் 98 நியூட்டன் விசையில் காற்றைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பாடப்புத்தகச் சூத்திரப்படி அதற்குக் குறைந்தது சுமார் 770 வாட் வேண்டும். மோட்டாரிலும் ப்ரொப்பெல்லரிலும் வீணாவதைச் சேர்த்தால் கிட்டத்தட்ட 1,200 வாட். அதே 10 கிலோவுக்கு ஓரளவு நல்ல இறக்கை கொடுத்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓட்டுவோம். எடையில் பத்தில் ஒரு பங்குதான் காற்றின் இழுவை என்று வைத்துக்கொண்டால், வீணாவதையும் சேர்த்தே 300 வாட் போதும். நான்கில் ஒரு பங்கு! ஒரே பேட்டரியில் நின்ற இடத்தில் 20 நிமிடம் தாக்குப்பிடிக்கும் பொறி, இறக்கை முளைத்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பறக்கிறது.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. எடையை மாற்றாமல் ப்ரொப்பெல்லரின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால், அந்தரத்தில் நிற்கத் தேவையான குறைந்தபட்ச மின்சக்தி பாதியாகிவிடும். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது சிக்கனம், கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவது செலவு. நேராக எழும்பும் எந்த வடிவமைப்பைப் பார்த்தாலும் முதலில் ப்ரொப்பெல்லர்களின் மொத்தப் பரப்பைப் பாருங்கள். பாதிக் கதை அதில் தெரிந்துவிடும்.

ஹைப்ரிட் என்ற ஒரே வகைக்குள் நான்கு விதமான பொறிகள் அடங்குகின்றன. மாணவர்கள் அதிகம் கட்டுவது குவாட்பிளேன்: தூக்குவதற்கு நான்கு மோட்டார், முன்னே தள்ளுவதற்குத் தனியாக ஒன்று. செய்வதற்கு எளிது, ஒரு அமைப்பு கெட்டால் மற்ற அமைப்பின் உதவியுடன் இறக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் மேலே போனதும் அந்த நான்கு மோட்டாரும் வெறும் சுமை. நின்றுபோன ப்ரொப்பெல்லர்களும் காற்றை மறிக்கும். அதனால்தான் கவனமாகச் செய்தவற்றில் ப்ரொப்பெல்லர் பறக்கும் திசைக்கு இணையாக நிற்கும்படி அமைத்திருப்பார்கள். 2021-இல் இந்திய ராணுவம் வாங்க ஒப்பந்தம் செய்த ஐடியாஃபோர்ஜ் நிறுவனத்தின் ஸ்விட்ச், இறக்கையோடு நேராக எழும்பும் ட்ரோனுக்கு நம் நாட்டிலேயே உள்ள நல்ல உதாரணம்.

டில்ட்ரோட்டரில் அதே மோட்டார்களே மேல்நோக்கியும் முன்நோக்கியும் திரும்பும். சும்மா சுமக்கும் எடை இல்லை. ஆனால் ப்ரொப்பெல்லர் விஷயத்தில் சமரசம் செய்துதான் ஆக வேண்டும். தூக்குவதற்குப் பெரிதாக வேண்டும், வேகமாகப் பறக்கச் சிறிதாக இருந்தால் நல்லது. அமெரிக்காவின் வி-22 ஆஸ்பிரேயைப் பாருங்கள். அதன் ஒவ்வொரு ரோட்டரும் 11.6 மீட்டர் விட்டம். முழுதாக முன்னே திருப்பி வைத்துக்கொண்டு சாதாரண விமானம் போலத் தரையிறங்கினால் ரோட்டர் தரையில் இடிக்கும்.

வாலை ஊன்றி நிமிர்ந்து உட்காரும் டெயில்சிட்டர் மூன்றாவது. 1954-இல் கான்வேர் நிறுவனம் போகோ என்ற விமானத்தை இப்படிப் பறக்கவிட்டது. எழும்பியது, பறந்தது, இறங்கவும் செய்தது. ஆனால் விமானி மல்லாந்த நிலையில் தோளுக்கு மேலாகத் திரும்பித் தரையைப் பார்த்துக்கொண்டு இறக்க வேண்டியிருந்தது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ட்ரோனுக்குள் விமானியே இல்லை என்பதால் அந்தப் பழைய யோசனைக்கு இன்று மறுபடியும் உயிர் வந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வடிவம் இதுதான். திருப்பும் கருவி எதுவும் இல்லாமல் முழு உடலுமே திரும்பிக்கொள்கிறது. ஆனால் பலமான காற்றில் இறக்குவது மட்டும் கஷ்டம்.

நான்காவது, ஜெட் விசையையே கீழே திருப்புவது. நம் கடற்படையின் ஐ.என்.எஸ். விராட் கப்பலில் இருந்து பறந்த சீ ஹாரியர்கள் இந்த வகை. ஒரே எஞ்சின், திரும்பக்கூடிய நான்கு குழாய்கள். கொஞ்சம் காற்றை மிக வேகமாகத் தள்ளுவதால் எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும். அதனால்தான் கப்பலில் நேராக எழும்பாமல், சரிவுப் பலகையில் ஓடி ஏறினார்கள். சிறிய ட்ரோன்களுக்கு இது ஒத்துவராது.

நான்கிலும் ஆபத்தான நேரம் ஒன்றே. மேலே எழும்பியாகிவிட்டது, முன்னே வேகம் எடுக்கிறது, ஆனால் இறக்கை தாங்கும் அளவுக்கு வேகம் இன்னும் வரவில்லை. அந்தச் சில நொடிகளில் இரண்டு அமைப்பும் சேர்ந்து உழைக்கும், பேட்டரி உச்சத்தில் வடியும். அந்தரத்தில் நிற்கும்போது பெரிய இறக்கை பாய்மரம் போலக் காற்றை வாங்கிக்கொள்ளும். குவாட்காப்டர் ஓட்டிப் பழகிய கைக்கு இந்த இரண்டுமே புதிது. இதனால்தான் ரிமோட் பைலட் சான்றிதழ் எந்த வகைக்கு, எந்த எடைப் பிரிவுக்கு என்று குறிப்பிட்டே தரப்படுகிறது. ரோட்டர்கிராஃப்ட் சான்றிதழை வைத்துக்கொண்டு ஹைப்ரிட் ஓட்டக்கூடாது. இந்தக் கண்டிப்பு நியாயம் என்றே நினைக்கிறேன். சொல்லப்போனால் இன்னும் ஒரு படி மேலே போய், டில்ட்ரோட்டர் ஓட்டப்போகிறவர் டில்ட்ரோட்டரிலேயே பயிற்சி எடுப்பது நல்லது.

சரி, எடைப் பிரிவு. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், 150 கிலோ வரை மீடியம், அதற்கும் மேலே லார்ஜ். எல்லாமே சுமையையும் சேர்த்து, எழும்பும்போது உள்ள உச்ச எடை. 10 லிட்டர் மருந்துத் தண்ணீர் என்றால் அதுவே 10 கிலோ. வெறும் ட்ரோனைத் தராசில் வைத்துவிட்டு "சின்னதுதான்" என்று சொல்ல முடியாது.

சான்றிதழ் வாங்க 18 முதல் 65 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் பயிற்சி, அவ்வளவுதான். 2022 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் என்ற பேச்சு போய்விட்டது. பயிற்சி நிறுவனமே சான்றிதழ் தருகிறது, 10 ஆண்டுகள் செல்லும். முன்பு பாஸ்போர்ட் கேட்டார்கள். கிராமத்து இளைஞர்கள் பலருக்கு அதுவே பெரிய தடையாக இருந்தது. 2023 செப்டம்பரில் அதையும் எடுத்துவிட்டார்கள். வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்ற அரசு அடையாளம் போதும். நானோ ஓட்டுவதற்கும், வணிக நோக்கமில்லாமல் மைக்ரோ ஓட்டுவதற்கும் சான்றிதழே வேண்டாம்.

ஓட்டுபவருக்குச் சான்றிதழ் போல, ட்ரோனுக்குத் தனி அடையாள எண் வேண்டும். பதிவுக் கட்டணம் 100 ரூபாய்தான். விற்பனைக்காகச் செய்யும் ட்ரோன் என்றால் அந்த வடிவமைப்புக்கு வகைச் சான்று (டைப் சர்டிஃபிகேட்) வாங்கியாக வேண்டும். நானோவுக்கும், மாடல் என்ற பிரிவில் வருவனவற்றுக்கும் வகைச் சான்று தேவையில்லை. 25 கிலோவுக்கு மிகாமல், படிப்பு, ஆராய்ச்சி, சோதனை அல்லது பொழுதுபோக்குக்காக மட்டும், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பறக்கவிடுவது மாடல். கல்லூரியில் செய்யும் குவாட்பிளேன்கள் பெரும்பாலும் இதில் அடங்கிவிடும்.

மாணவர்கள் தவறவிடும் சலுகை இன்னொன்று உண்டு. அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களும், அரசு அங்கீகரித்த ஸ்டார்ட்அப்களும், ஜி.எஸ்.டி. எண் உள்ள ட்ரோன் தயாரிப்பாளர்களும் ஆராய்ச்சிக்காகப் பறக்கவிட்டால் வகைச் சான்று, அடையாள எண், முன் அனுமதி, பைலட் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. நிபந்தனை இதுதான்: பச்சை மண்டலமாக இருக்க வேண்டும், தங்கள் வளாகத்துக்குள்ளோ, தங்கள் கட்டுப்பாட்டில் உள்ள திறந்தவெளியிலோ பறக்க வேண்டும்.

பச்சை மண்டலம் எது என்று டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் பார்க்கலாம். அங்கே 400 அடி வரை அனுமதி கேட்காமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடி வரைதான். 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே கட்டுப்பாடு தொடங்கிவிடும். மீனம்பாக்கத்தை ஒட்டிய பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் கல்லூரி இருந்தால் உள் மைதானத்தில்கூட இந்தச் சலுகையை நம்பிப் பறக்கவிடக்கூடாது. அனுமதி வாங்குங்கள், இல்லையேல் நகரத்தை விட்டு வெளியே ஒரு திடலைப் பாருங்கள். எங்கேயானாலும் விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். விதிமீறலுக்கு 2021 விதிகள் சொல்லும் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை.

விமானி ஏறி ஓட்டும் ஏர் டாக்ஸி இந்த விதிகளுக்குள் வராது. 500 கிலோவைத் தாண்டிய ஆளில்லா விமானமும் வராது. அவை முழு விமானங்களுக்கான விதிகளின் கீழ் போய்விடும். சென்னை ஐ.ஐ.டி.யில் தொடங்கிய ஈபிளேன் நிறுவனம் செய்துவரும் மின்சார ஏர் டாக்ஸி அந்த வழியில்தான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ.விடம் சான்று பெற வேண்டும். நம் விதி ஹைப்ரிட் என்று சொல்லும் அதே வரையறையை அமெரிக்க விதி பவர்டு லிஃப்ட் என்று அழைக்கிறது. அந்த வகை விமானங்களுக்கு விமானிகளைத் தயார்படுத்தவும் அவற்றை இயக்கவும் அமெரிக்க விமானத் துறை 2024 அக்டோபர் 22 அன்றுதான் இறுதி விதியை வெளியிட்டது. 1940-களில் ஹெலிகாப்டர் வந்த பிறகு அங்கே முழுக்கப் புதிதாக ஒரு விமான வகை சேர்ந்தது இதுவே முதல்முறை.