பிழியப் பிழிய ஏன் ஊறுகிறது?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். பிள்ளைக்கு இரண்டு மாதம், எடையும் நன்றாக ஏறுகிறது. ஆனால் பால் மிதமிஞ்சிச் சுரக்கிறது. மார்பு கல்லாகக் கட்டிக்கொள்கிறது, வாய் வைத்ததும் பிள்ளைக்குப் புரையேறுகிறது. மாமியார் சொன்னபடி கடைசிச் சொட்டு வரை பிழிந்து எடுக்கிறார். மறுநாள் அதைவிட அதிகமாக ஊறுகிறது. கண்ணூறு என்கிறார்கள் லயத்தில்.

கண்ணூறு இல்லை, தங்கச்சி. பிழிவதுதான் காரணம்.

புரொலாக்டின் என்ற ஹோர்மோன் பாலைச் சுரக்க வைக்கிறது, ஒக்ஸிடோசின் என்ற ஹோர்மோன் அதை வெளியே தள்ளுகிறது. இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் இரண்டும் இரத்தத்தில் வருபவை. இரண்டு மார்புக்கும் ஓடுவது ஒரே இரத்தம். அப்படியிருக்க, பிள்ளை ஒரு பக்கம் மட்டுமே குடித்தால் மற்றப் பக்கம் மட்டும் வற்றிப்போகிறதே, எப்படி?

விடை ஆடுகளிடமிருந்து வந்தது. 1980களில் ஸ்கொட்லாந்தின் ஹன்னா ஆய்வு நிலையத்தில், ஆட்டு மடியின் ஒரு பாதியை மட்டும் நாளுக்கு இரண்டுக்குப் பதில் மூன்று முறை கறந்தார்கள். அந்தப் பாதியில் மட்டும் பால் கூடியது. சரி, மடி நிறைந்து விம்மும் அழுத்தம்தான் சுரப்பை அடக்குகிறதோ? அதையும் சோதித்தார்கள். கறந்து எடுத்த பாலின் அளவுக்கே சீனிக் கரைசலை மடிக்குள் திருப்பி ஏற்றினார்கள். மடி முன்போலவே விம்மி நின்றது, ஆனாலும் சுரப்பு கூடியது! ஆக, சுரப்பை அடக்கியது வெறும் அழுத்தம் அல்ல, பாலுக்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒன்று. தேங்கி நிற்கும் பாலே "போதும்" என்று சுரப்பிக்குச் சொல்கிறது. இந்தச் சோதனையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் துள்ளும்.

அந்தப் பொருள் எது என்பது இன்னும் முழுதாகத் தீரவில்லை. மார்புச் செல்கள் தாமே சுரக்கும் செரோடோனினுக்கு இதில் பெரிய பங்கு என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின. பால் தேங்கத் தேங்க அது கூடி, செல்களின் வேலையைக் குறைக்கிறது. தேங்கும் பாலே சுரப்பை அடக்குகிறது என்பது ஆட்டிலிருந்து தெரியவந்ததற்குக் காரணம், ஆட்டுப்பாலும் மாட்டுப்பாலும் காசு என்பதுதான். தாய்மார்களின் மார்பை ஆராய அந்த அளவுக்குப் பணம் ஒதுக்கப்படாதது எனக்குப் பெரிய மனக்குறை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முழுக்கப் பிழிவதை விடுங்கள். வலி தணியும் அளவுக்கு மட்டும் கையால் எடுத்தால் போதும். மிச்சம் தேங்கட்டும், அதுதான் மருந்து. புரையேறாமலிருக்க, சற்றுச் சாய்ந்து படுத்துப் பிள்ளையை மேலே போட்டுக் கொடுங்கள். சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒரே பக்கம் கொடுத்து, அப்புறம் பக்கம் மாற்றும் முறையும் உண்டு. ஆனால் அதைத் தோட்டத்துக்கு வரும் மிட்வைபிடம் பிள்ளையின் எடையைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மிஞ்சினால் பால் அளவுக்கு மேல் குறைந்துவிடும். அழுத்தித் தேய்க்க வேண்டாம், வீக்கம் கூடும். குளிர்ந்த துணி வையுங்கள். கோவா இலையும் வைக்கலாம், நுவரெலியாவில் அதற்கா பஞ்சம்! அதன் குளிர்ச்சி சுகம் தரும், அதற்கு மேல் உறுதியான சான்று இல்லை. மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது வேறு விஷயம். பால் வற்ற அது உதவுவதாக 1988இல் ஓர் ஆய்வே வெளிவந்தது. ஆகவே பால் கொடுத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு அது வேண்டாம்.

எடுத்த பாலைக் கொட்ட மனம் வராதுதான். சுத்தமான, மூடியுள்ள பாத்திரத்தில் வெளியே 4 மணி நேரம், பிரிட்ஜில் 4 நாள் வைக்கலாம். மலையில் குளிர்தானே என்று நாள் முழுக்க மேசையில் வைத்துவிடாதீர்கள். கொழுந்து பறிக்கத் திரும்பிய பிறகு, பிள்ளைமடுவத்தில் இருக்கும் பிள்ளைக்கு அதைக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வேண்டாம், எச்.ஐ.வி. போன்ற கிருமிகள் பால் வழியாகவும் போகும். அதனால்தான் தாய்ப்பால் வங்கிகள் கொடுப்பவரின் இரத்தத்தைச் சோதித்து, பாலை 62.5 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குகின்றன.

மார்பில் ஓரிடம் சிவந்து, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தப் பக்கப் பாலையும் பிள்ளை குடிக்கலாம், நிறுத்த வேண்டியதில்லை.