சம்பளம் மறைக்கும் நட்டம்

உத்தியோகம் பார்த்துக்கொண்டே உடுப்பு வியாபாரம் செய்கிறவர்களுக்கு வரும் நட்டம் லேசில் வெளியே தெரியாது. கடையை மட்டும் நம்பியிருப்பவருக்கு, வாடகை கட்ட முடியாத மாதமே அதைச் சொல்லிவிடும். உத்தியோகக்காரருக்கோ சம்பளம் வந்து குறையை நிரப்பிவிடுகிறது.

மட்டக்களப்பில் சிறு வியாபாரிகளின் கணக்குப் பார்ப்பது என் தொழில். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கச்சேரி (மாவட்டச் செயலகம்) என்று வேலை முடித்து, பின்னேரங்களில் வாட்ஸ்அப்பில் சுடிதாரும் சாறியும் விற்கிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். “யாவாரம் நல்லாத்தான் போகுது சேர், கையிலதான் காசு நிக்குதில்ல” என்பதே பொதுவான முறைப்பாடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொழும்பு புறக்கோட்டைச் சந்தையில் 2,200 ரூபாய்ப்படி 20 சுடிதார். பஸ், மூட்டைக்கூலி, சாப்பாடு 4,000. மொத்தம் 48,000, ஒன்றின் அடக்கவிலை 2,400. அதை 3,000க்கு விற்றால் 600 லாபம். 14 விற்றதும் 8,400 உழைத்துவிட்டதாக மனம் சொல்லும். ஆனால் அந்த 14இல் 4 கடன். கைக்கு வந்தது 30,000. மிச்சம் 6 உடுப்பும் கேட்பாரில்லாத அளவுகளில் அலுமாரியில் கிடக்கின்றன. அடுத்த கொள்முதலுக்குக் குறையும் 18,000 சம்பளத்திலிருந்து போகும், அல்லது காப்பு அடகுக்குப் போகும். அடகு வட்டியை உடுப்பின் விலையில் சேர்த்த ஒருவரையும் நான் இன்னும் காணவில்லை.

இதில் கடன்தான் பெரிய வில்லங்கம். “சம்பளத்துக்குத் தாறன் மிஸ்” என்று சொன்னவரை நாளைக்கும் அதே ஸ்டாஃப் ரூமில் பார்க்க வேண்டும். கேட்க வாய் வராது. கடன் கொடுக்காமலே விற்கச் சொன்னால் நம் ஊரில் நடக்காது. அதனால் நான் சொல்வது இதுதான்: அடக்கவிலை 2,400ஐ முதலில் கையில் வாங்குங்கள், லாபம் 600ஐ மட்டும் கடனாக விடுங்கள். அது வராமல் போனாலும் முதல் தப்பும்.

படுவான்கரையிலோ அம்பாறைப் பக்கத்து வயல் ஊர்களிலோ விற்கிறவர்கள் நெல் போகத்தையும் பார்க்க வேண்டும். பெரும்போக அறுவடை முடியும் மாசி, பங்குனியில்தான் அங்கே காசு புழங்கும். மார்கழி மழையில் கட்டு கட்டாக வாங்கி வைத்தால் காசும் முடங்கும், துணியிலும் பூஞ்சணம் பிடிக்கும்.

சாறி, சாரம் விற்பதென்றால் மருதமுனைக் கைத்தறி பக்கத்திலேயே இருக்கிறது. விற்றுப்போனது எதுவோ அதை மட்டும் நாலைந்து எடுத்து வரலாம். கொழும்புக்குப் போனால், போன செலவுக்காகவே அள்ளிக்கொண்டு வரத் தோன்றும்.

அப்புறம் சட்டப் பக்கம். அரச ஊழியரானால் தாபன விதிக்கோவைப்படி முன் அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது. மனைவியின் பெயரில் நடத்தினால் சரிதானே என்று கேட்பார்கள்; நிர்வாகப் பிரிவில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம்.

வரியில் சம்பளமும் வியாபார லாபமும் ஒன்றாகவே கூட்டப்படும். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் வரை தனிநபர் விலக்கு உண்டு. வேலைத்தலத்தில் கழிப்பது சம்பளத்துக்குரிய வரியை மட்டுமே. லாபத்தை நாங்கள்தான் காட்ட வேண்டும். அதனால் புறக்கோட்டை பில்லையும் கூரியர் துண்டையும் எறியாதீர்கள். செலவு என்று காட்ட அவைதான் ஆதாரம்.