ஒரு வரி தள்ளி ஒட்டிக்கொண்ட குறிப்பு

ஓசூரில் இருந்தபடி இயந்திரக் கையேடுகள் எழுதுவது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு மாங்கூழ் ஆலையில் புதிதாகப் போட்ட நீராவிக் குழாய்களுக்கான கையேட்டை, அச்சுக்கு அனுப்பும் முன் ஆட்களுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். தோத்தாபுரி லாரிகள் வரத் தொடங்க இன்னும் சில நாட்கள்தான். நான்காம் பக்கத்தில் பாய்லர் ஃபோர்மேன் கையை நீட்டித் தடுத்தார்.

"தம்பி, நீராவி வால்வைத் திறந்த பிறகா வடிகாலைத் திறக்கச் சொல்கிறீர்கள்?"

இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த குழாயில் தண்ணீர் தேங்கி நிற்கும். அதை வடிக்காமல் நீராவியைத் திறந்துவிட்டால், அந்தத் தண்ணீரை நீராவி உருட்டிக்கொண்டு போய் வளைவிலோ வால்விலோ சம்மட்டியால் அடிப்பது போல் அடிக்கும். வாட்டர் ஹேமர் என்பார்கள். வால்வு உடைந்து பக்கத்தில் நிற்பவர் வெந்துபோகலாம். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. நான் முதலில் எழுதியபோது வரிசை சரியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பழைய கோப்புகளைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றாம் படி, வடிகாலைத் திறக்கவும். நான்காம் படி, நீராவி வால்வை மெதுவாகத் திறக்கவும். ஐந்தாம் படி, அழுத்தமானியைப் பார்க்கவும். சரிபார்த்த பொறியாளர் தன் பிடிஎஃப் பிரதியில் ஐந்தாம் படியின் மேல் மஞ்சள் பூசி, "இதை ஒரு படி முன்னால் கொண்டுவரவும்" என்று குறித்திருந்தார். நியாயமான திருத்தம். ஆனால் அவர் படித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு நாளில், நான் அதே பக்கத்தின் தலையில் ஓர் எச்சரிக்கை வரியைச் சேர்த்துப் புதிய பிடிஎஃப் எடுத்திருந்தேன். அவருடைய குறிப்புகளை அந்தப் புதிய பிரதிக்குள் இறக்கியபோது, மஞ்சள் நான்காம் படியின் மேல் உட்கார்ந்துகொண்டது. சொன்னபடி நானும் நீராவி வால்வை ஒரு படி முன்னால் தள்ளிவிட்டேன், வடிகாலுக்கும் முன்னால்.

மென்பொருள் பழுதாகவில்லை. பிடிஎஃப் கோப்பில் ஒரு குறிப்பு பக்கத்தின் மேல்தான் ஒட்டப்படுகிறது, சொல்லின் மேல் அல்ல. இடமிருந்து இவ்வளவு, கீழிருந்து இவ்வளவு என்று அளந்துதான் அது தன் இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. அடியில் இருக்கும் வரி நகர்ந்தால் அதற்குத் தெரியாது. சுவரில் ஒட்டிய சுவரொட்டிக்குப் பின்னால் வீடு மாறிவிட்டது மாதிரி.

அன்று முதல் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. எந்தப் பிரதி சரிபார்ப்புக்குப் போகிறதோ, குறிப்புகள் திரும்பி வரும்வரை அந்தப் பிரதிதான் பிரதி. இடையில் எனக்குத் தோன்றுவதையெல்லாம் தனித்தாளில் எழுதி வைப்பேன். குறிப்பு எழுதுபவர்களிடம் "இதை", "அதை" வேண்டாம் என்று கெஞ்சுகிறேன். "அழுத்தமானி பார்ப்பதை" என்று எழுதியிருந்தால் அன்று வரி மாறியது கண்ணில் பட்டிருக்கும். பதிப்பு எண் கோப்பின் பெயரில் மட்டும் இருந்தால் போதாது, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அச்சாக வேண்டும். "இறுதி", "இறுதி புதியது", "உண்மையான இறுதி" என்று பெயர் வைப்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

குறிப்பே வந்து சேரவில்லை என்ற புலம்பலும் உண்டு. பாதிப் பேர் பிடிஎஃப் கோப்பை இணைய உலாவியில் திறந்து எழுதியிருப்பார்கள். அந்தக் குறிப்பு அவர்கள் கணினியில் கிடக்கும் நகலோடு நின்றுவிடும், பொதுவான இடத்துக்கு வராது. மீதிப் பேருக்குப் பொதுக் கோப்புறையில் படிக்கும் அனுமதி இருக்கும், எழுதும் அனுமதி இருக்காது. மென்பொருளை அழித்து மறுபடி நிறுவும் முன் இந்த இரண்டையும் பாருங்கள். வேர்டு கோப்பை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தி அனுப்பிவிட்டால் கண்ணால் ஒப்பிட்டு உட்காராதீர்கள். திருத்தங்களை ஒன்றுசேர்க்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது.

வெளியிடும்போது வரும் தொல்லை வேறு வகை. வேர்டில் எல்லாம் நன்றாக இருக்கும், பிடிஎஃப் எடுத்தவுடன் "பக்கம் 32 பார்க்க" இருந்த இடத்தில் சுட்டிய இடம் கிடைக்கவில்லை என்ற பிழைச் செய்தி தடித்த எழுத்தில் நிற்கும். ஒரு தலைப்பைச் சுட்டும்போது வேர்டு அந்தத் தலைப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தை வைக்கிறது. தலைப்பை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டினால் அடையாளமும் போய்விடும். அன்றைக்கே தெரியாது, புலங்கள், அதாவது வேர்டு தானாக நிரப்பும் இடங்கள், புதுப்பிக்கப்படும் வேளையில்தான் தெரியும். எனவே பிடிஎஃப் எடுக்கும் முன் முழுவதையும் தேர்ந்தெடுத்து எஃப்9 விசையைத் தட்டி, பிழைச் சொல்லைத் தேடிப் பாருங்கள்.

பழைய சிஎச்எம் உதவிக் கோப்பு திறக்கும், உள்ளே வெற்றுப் பக்கம் இருக்கும். 2005க்குப் பிறகு விண்டோஸ் பாதுகாப்புக் கருதி, வலையமைப்பிலிருந்தும் இணையத்திலிருந்தும் வரும் இவ்வகைக் கோப்புகளைத் தடுக்கிறது. சொந்த வட்டுக்கு நகலெடுத்து, பண்புகளில் தடையை நீக்கினால் போதும். அப்படியும் வெறுமையாக இருந்தால் கோப்புறையின் பெயரில் # குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படிப் பெயர் தெரிந்த நோய்கள் தவிர மற்றவற்றுக்கெல்லாம் என்னிடம் இருப்பது ஒரே வைத்தியம்: பாதியாக வெட்டுவது. எட்டு அத்தியாயக் கையேடு ஒன்று வெளியிடும்போது பாதியில் நின்று நின்று போனது. பிழைச் செய்தியோ வேறெங்கோ கை காட்டியது. நகல் எடுத்துக்கொண்டு முதல் நான்கு அத்தியாயங்களை மட்டும் ஓட்டினேன், ஓடியது. ஐந்து, ஆறு ஓடவில்லை. ஐந்து மட்டும் ஓடவில்லை. மூன்றே முயற்சி. உள்ளே கைபேசியிலிருந்து பாதி மட்டுமே நகலாகியிருந்த ஒரு புகைப்படம். எந்த அத்தியாயத்தை எடுத்தாலும் அதே பிழை வந்தால்தான் சந்தேகம் மென்பொருள் மீதோ கணினி மீதோ திரும்ப வேண்டும். அப்போதும் கோப்புறைக்குள் கோப்புறையாகப் கோப்பின் பாதை விண்டோஸின் வழக்கமான வரம்பான 260 எழுத்துகளைத் தாண்டிவிட்டதா என்று ஒரு பார்வை பார்ப்பது வழக்கம்.

கோப்பே சீக்கானால், ஃப்ரேம்மேக்கர் என்ற கையேடு எழுதும் மென்பொருளை வைத்திருப்பவர்கள் அதன் எம்ஐஎஃப் என்ற மாற்று வடிவில் சேமித்து மறுபடி திறந்து ஒரு சலவை போடுவார்கள், பெரும்பாலும் அழுக்குப் போய்விடும். வேர்டில், கடைசிப் பத்திக்குறியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நகலெடுத்துப் புதிய கோப்பில் ஒட்ட வேண்டும். அந்தப் பிரிவின் வடிவமைப்புச் சங்கதிகளெல்லாம் அந்தக் கடைசிக் குறிக்குள்தான் ஒளிந்திருக்கின்றன.

தமிழில் கையேடு போடுபவர்களுக்குத் தனிக் கஷ்டம் உண்டு. அச்சில் அழகாக இருக்கும், பிடிஎஃப் கோப்பில் "கொதிகலன்" என்று தேடினால் கிடைக்காது. ஒற்றை எழுத்தாக வரும் "ொ" ஒன்று, கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டப்பட்ட "ொ" இன்னொன்று. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடும் கருவி குழம்பிவிடலாம். "கௌ"வுக்குப் பதிலாகக் கொம்பு, க, ள என்று தட்டுபவர்களும் இருக்கிறார்கள், அதை எந்தக் கருவியும் மன்னிக்காது. ஆலைகளில் இன்னும் பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய பட்டியல்கள் வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மறுவேலை.

உதவி கேட்டு எழுதும்போது "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். பதிப்பு எண், பிழைச் செய்தியின் சொற்கள் அப்படியே, அதற்கு முன் செய்த கடைசி மூன்று காரியங்கள். இவை இருந்தால் பதில் ஒரு நாளில் வரும்.

அந்த ஃபோர்மேன் இப்போதும் எனக்குச் சரிபார்த்துக் கொடுக்கிறார். கணினியைத் தொடமாட்டார். அச்சிட்ட தாளில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். மூலையில் கட்டைவிரலும் விழுந்திருக்கும். முன்பெல்லாம் முணுமுணுப்பேன். இப்போது படத்தில் பக்கத்தின் அடியிலுள்ள பதிப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டு திருத்துகிறேன். அந்த வட்டம் ஒரு வரி தள்ளி நின்றதேயில்லை.