பட்டினி கிடந்தும் கல்லீரல் ஏன் முரண்டு பிடிக்கிறது?

காலையில் எலுமிச்சை பிழிந்த வெந்நீர், மதியம் காய்கறி சூப், ராத்திரி வெள்ளரிக்காய். கல்யாணத்துக்காக இப்படி மளமளவென்று எடை குறைத்த ஒரு வாசகி, ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் செல்கள் அடிபட்டால் ரத்தத்தில் கூடும் நொதி) ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு, "எண்ணெயே தொடவில்லையே, கல்லீரலுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்.

கல்லீரலில் இருப்பில் உள்ள கிளைகோஜன், அதாவது சேமித்து வைத்த சர்க்கரை, சுமார் 100 கிராம். பட்டினி கிடந்தால் ஒரு நாளில் காலி. இன்சுலின் இறங்கியதும் உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் இறங்குகிறது. குடலைச் சுற்றியுள்ள தொப்பைக் கொழுப்பு போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்கே வந்துவிடும். இதெல்லாம் பாடப்புத்தகச் சமாச்சாரம்.

வந்ததில் ஒரு பகுதியைக் கல்லீரல் எரிக்கிறது, கொஞ்சத்தைக் கீட்டோன் என்ற மாற்று எரிபொருளாக ஆக்குகிறது. மிச்சத்தை வெளியே அனுப்பியாக வேண்டும். ஆனால் கொழுப்பு ரத்தத்தில் கரையாதே? அதனால் பொட்டலம் கட்டுகிறது. உள்ளே கொழுப்பு, சுற்றிலும் பாஸ்போலிப்பிட் என்ற ஒருவகைக் கொழுப்பாலான உறை, கட்டும் கயிறாக அப்போபி-100 என்ற புரதம். ஒரு பொட்டலத்துக்கு ஒரே ஒரு கயிறு. ஆனால் அதில் 4,536 அமினோ அமிலங்கள்! எனக்குப் பிடித்த இடம் இதுதான்: கயிறு முழுசாகத் திரிந்து முடிவதற்குள்ளேயே கொழுப்பு அதில் ஏறத் தொடங்கிவிடும். ஏறாவிட்டால் செல் அந்தக் கயிற்றையே சிதைத்துவிடும். கயிற்றுக்குப் புரதம் வேண்டும், உறைக்குக் கோலின் என்ற சத்து வேண்டும். சூப்பிலும் வெள்ளரியிலும் இரண்டும் சொற்பம். பொட்டலம் கட்ட முடியாத கொழுப்பு கல்லீரலிலேயே தேங்கிவிடும்.

கொழுத்த வீட்டுப் பூனை சில நாள் தீனி எடுக்காவிட்டால் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு அடைத்து, கண்ணும் காதும் மஞ்சளாகிவிடும். கால்நடை மருத்துவர் செய்யும் முக்கியமான வைத்தியம், குழாய் போட்டாவது புரதம் நிறைந்த உணவு கொடுப்பது.

மனிதர்கள் அவ்வளவு மோசமில்லை. மருத்துவர் மேற்பார்வையில், புரதம் குறையாமல் எடை குறைத்தால் கல்லீரல் கொழுப்பு நன்றாகவே வடியும். சிக்கல் வேகத்தில் இருக்கிறது. டென்மார்க்கில் மிகப் பருமனான 41 பேரைக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்துப் பார்த்த ஆய்வு 1991-இல் வெளியானது. பலருக்குக் கொழுப்பு குறைந்தது. ஆனால் சுமார் கால்வாசிப் பேருக்குக் கல்லீரலில் லேசான அழற்சியோ தழும்போ புதிதாக வந்திருந்தது. தழும்பு விழுந்தவர்கள் வேகமாக இளைத்தவர்கள். வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் ஆபத்தும் கூடும். இத்தனை வருஷம் கழித்தும் இந்த மாதிரி ஆய்வுகள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். டீடாக்ஸ் பொடி விளம்பரத்துக்குக் கொட்டும் காசில் ஒரு துளி இங்கே வந்தால் தேவலை.

வாசகிக்கு: பட்டினியால் எஸ்.ஜி.பி.டி. தற்காலிகமாக ஏறுவது உண்டு. ஆனால் நீங்களாகவே அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா என்றும் டாக்டர் பார்க்கட்டும். முட்டை, பருப்பு, மீன் எதையாவது தட்டுக்குத் திரும்பக் கொண்டு வாருங்கள். எடை குறையக் குடம்புளி மாத்திரை, கிரீன் டீ மாத்திரை ஏதாவது விழுங்கியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவற்றால் கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் இருக்கிறார்கள்.