சொந்த நிலத்தில் மண் அணை: பினாங்கு நிலத்துக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பினாங்கில் அணை என்றதும் ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் என்று பெரியவைதான் நினைவுக்கு வரும். அவற்றைக் கவனிக்க மாநிலத்தின் நீர் விநியோக நிறுவனம் இருக்கிறது. செபராங் பிறையிலோ பாலிக் பூலாவிலோ தன் நிலத்து ஓடையை மறித்துக் கரை போட்டு, மீனுக்கோ டுரியானுக்கோ தண்ணீர் தேக்கியிருப்பவருக்கு அப்படி யாரும் கிடையாது. கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அவரேதான்.

முதலில் அனுமதி. 1920-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் பினாங்குக்கும் பொருந்தும். அதன்படி ஆறுகள் மாநிலத்தின் உடைமை. உரிமம் இல்லாமல் ஆற்றை மறிக்கவோ திருப்பிவிடவோ கூடாது. கிளை ஆறும் இயற்கை ஓடையும்கூட இதில் அடங்கும். அப்புறம், 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம். மண்ணை வெட்டினாலும் கொட்டி நிரப்பினாலும் அது மண்வேலைதான் என்கிறது அதன் 70ஏ பிரிவு. வரைபடம் கொடுத்து ஒப்புதல் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்கலாம். தீவில் பினாங்கு மாநகர் மன்றத்திடம், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றத்திடம் போக வேண்டும். தாத்தா காலத்துக் கரையாக இருந்தாலும், அதை உயர்த்த நினைத்தால் மண்வாரி இயந்திரத்தைக் கூப்பிடும் முன் மன்றத்திடமும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவிடமும் கேளுங்கள்.

உடைந்தால் யார் பொறுப்பு? இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி குத்தகைக்காரர்களை வைத்து நீர்த்தேக்கம் கட்டினார். தண்ணீர் பழைய சுரங்கக் குழிகள் வழியாக இறங்கிப் பக்கத்து ஃபிளெட்சரின் சுரங்கத்தை மூழ்கடித்தது. முதலாளியிடம் கவனக்குறைவு இல்லை. ஆனாலும் இழப்பீடு கொடுக்க வேண்டியவர் அவரே என்று 1868-இல், அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டம் வழியாக அந்த நெறி மலேசிய நீதிமன்றங்களுக்கும் வந்துவிட்டது. விதிவிலக்குகள் உண்டு, இயற்கைச் சீற்றம் அதில் ஒன்று. ஆனால் வருடாவருடம் மழை கொட்டும் ஊரில் அதை நம்பிக் கரையை விட்டுவைப்பது சரியல்ல. 2017 நவம்பர் 4, 5-இல் பினாங்கில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மண் கரைக்கு முதல் எதிரி, அதன் மேலேறி வழியும் தண்ணீர். கரையைத் தாண்டத் தொடங்கிவிட்டால் மண் அரித்துக்கொண்டே போகும், சில மணி நேரத்தில் உடைப்பெடுக்கும். அதற்காகத்தான் கரையின் உச்சிக்குக் கீழே கலிங்கு விடுகிறார்கள். மிகைநீர் அதன் வழியே போய்விடும். மீன் தப்பிவிடும் என்று அதன் வாயில் வலை கட்டுகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு மிகவும் கவலை. இலையும் மட்டையும் வந்து வலையில் அடைத்தால் கலிங்கு இருந்தும் இல்லாத மாதிரிதான். கூடுதலாகத் தேக்க மணல் மூட்டை அடுக்குவதும் அதே ஆபத்து. மழைக்கு முன்னும் பின்னும் கலிங்கைப் போய்ப் பாருங்கள்.

இரண்டாவது எதிரி உள்ளே இருக்கிறது: கரைக்குள் ஊடுருவிக் கசியும் தண்ணீர். கரையில் மரம் வளர விடாதீர்கள். வேர் செத்து மக்கினால் அந்த இடம் தண்ணீருக்கு வழியாகிவிடும். ஏற்கெனவே பெரிய மரம் நின்றால் நீங்களே பிடுங்காமல் பொறியாளரிடம் காட்டுங்கள். புல்லைக் குட்டையாக வெட்டி வைத்தால்தான் விலங்குகள் தோண்டிய வளை, விரிசல், உள்வாங்கிய இடம் எல்லாம் கண்ணில் படும். மதகுக் குழாயைச் சுற்றியும் கரையின் அடியிலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். தெளிவான சிறு கசிவைக் குறித்து வைத்துக் கவனித்து வரலாம். கலங்கலாக வந்தால் கரையின் மண் கரைந்து போகிறது என்று அர்த்தம். உடனே பொறியாளரை அழையுங்கள்.

கசிவு பெருகினாலோ கரை சரிந்தாலோ முதலில் கீழே குடியிருப்பவர்களுக்குச் சொல்லுங்கள், பிறகு 999. அவர்கள் எண்கள் முன்கூட்டியே உங்கள் போனில் இருக்க வேண்டும். மதகைத் திறந்து நீரைக் குறைப்பதானால் பொறியாளர் சொல்லும் வேகத்தில் குறையுங்கள். மளமளவென்று இறக்கினால் நனைந்து கனத்த உட்பக்கக் கரை சரிந்து விழக்கூடும்.