நிக்நேம்: பட்டப்பெயரா, விளிப்பெயரா?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் ஒரே மாதிரிப் போன்கள் மூன்று. எனது, அம்மாவினது, அக்காவினது. சோபாவுக்குள் ஒன்று புதைந்துவிட்டால் நாம் பேசுவதைக் கேட்டு இயங்கும் குரல் உதவியாளர் கருவியிடம் சொல்லித்தான் அடிக்கவைப்போம். மூன்றுக்கும் கம்பனி வைத்த மொடல் பெயரே இருந்ததால் அது குழம்பிப்போனது. சரி, ஆளுக்கொரு 'நிக்நேம்' வைப்போம் என்றார் அக்கா. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற வாக்குவாதத்தில் அன்றைக்குச் சோறு ஆறிவிட்டது.

ஆங்கிலத்தில் 'ஈக்' என்று ஒரு பழஞ்சொல் உண்டு. 'கூடுதல்' என்று பொருள். 14ஆம் நூற்றாண்டில் கூடுதல் பெயரை 'ஈக்நேம்' என்றார்கள். முன்னால் 'ஒரு' என்று பொருள்படும் 'அன்' வந்து 'அன் ஈக்நேம்' என்று ஒலித்தபோது, கேட்டவர்கள் அந்த னகர ஒலியைப் பிடுங்கி அடுத்த சொல்லில் ஒட்டிவிட்டார்கள். 15ஆம் நூற்றாண்டில் அது 'நீக்நேம்', அப்புறம் 'நிக்நேம்'. காது பிழைத்துப் பிறந்த சொல்லைத்தான் கருவியின் காது பிழைக்காமலிருக்க இப்போது வைக்கிறோம்!

தமிழில் பட்டப்பெயர் என்றால் விருதாகவும் இருக்கலாம், கேலியாகவும் இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் 'பட்டம் தெளிக்கிறது', அதாவது கேலிப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்றால் சண்டைக்கு ஆயத்தம். செல்லப்பெயர் குழந்தைக்கு. புனைபெயர் ஆளை மறைக்க உதவுவது. நமக்கு வேண்டியதோ ஆளைக் காட்டுவது.

என் தெரிவு விளிப்பெயர். விளித்தல் என்றால் அழைத்தல். தொல்காப்பியம் வேற்றுமை ஏழு என்று சொல்லிவிட்டு, விளியைச் சேர்த்து எட்டு என்கிறது. விளிமரபு என்று தனி இயலே வைத்திருக்கிறது. அஃறிணைப் பெயர்களும் விளிக்கும் காலம் வந்தால் ஏகாரம் பெறும் என்று அதில் ஒரு விதி. 'போனே!' என்று கூப்பிட அன்றே இடம் விட்டிருக்கிறார்கள். "நாங்கள் கூப்பிடுறது உதவியாளரை, போனை இல்லையே" என்றார் அக்கா. இருக்கட்டும், பதிலுக்கு அடிப்பது போன்தானே.

பெயர் வைப்பதில்தான் உண்மையான சிக்கல். முதலில் 'அம்மா போன்' என்று வைத்தோம். அக்காவின் மகன் 'அம்மா போன்' எங்கே என்று கேட்க, அவனுடைய அம்மம்மாவின் போன் அடித்தது. உறவுமுறை சொல்பவரைப் பொறுத்து மாறும். கருவிக்கு அது எப்படிப் புரியும்? நிறமும் சரிவரவில்லை, உறை மாற்றினால் போச்சு. அந்தக் கருவி நாம் சொல்வதை எழுத்தாக்கித் தன் பட்டியலிலுள்ள பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆகவே தொடக்க ஒலியே வேறுபட்ட பெயர்கள்தான் நல்லது.

முகவரியில் கொழும்பு 06 என்று எழுதினாலும் ஓட்டோக்காரரிடம் வெள்ளவத்தை என்றுதானே சொல்கிறோம். அதேபோல மொடல் இலக்கத்தை விட்டுவிட்டு ஊர்ப்பெயர்களுக்கு வந்தோம்: அம்மாவுக்குத் தெஹிவளை, அக்காவுக்கு மருதானை, எனக்குப் பம்பலப்பிட்டி. நேற்று மருதானை குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே அடித்தது.