ரீஜென்சி: பகர ஆட்சியும் விகற்பக் கதையும்

'ரீஜென்சி ரொமான்ஸ்' என்று அட்டையில் போட்டு வரும் நாவல்களை 'அரசர் காலத்துக் காதல் கதை' என்று தமிழில் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது பாதிதான் சரி. ரீஜென்சி என்பது அரசன் ஆண்ட காலம் அல்ல. அரசன் உயிரோடு இருந்தும் ஆள முடியாமல் போன காலம்.

லத்தீனில் 'ரெகெரே' என்றால் ஆளுதல், நெறிப்படுத்துதல். அரசனைக் குறிக்கும் 'ரெக்ஸ்' அதே வேரிலிருந்து வந்தது. 'ரெகென்ஸ்' ஆள்பவர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது பொருள் குறுகி, அரசனுக்குப் பதிலாக ஆள்பவர் 'ரீஜென்ட்' ஆனார். அவருடைய ஆட்சி 'ரீஜென்சி' ஆனது. அரசன் சிறுவனாக இருக்கலாம், நோயாளியாக இருக்கலாம், நாட்டில் இல்லாமல் இருக்கலாம். பிரான்ஸில் பதினைந்தாம் லூயி ஐந்து வயதில் அரியணை ஏறியதால் 1715 முதல் 1723 வரை ஒரு ரீஜென்சி நடந்தது. நாவல்காரர்கள் சொல்வது அதை அல்ல, இங்கிலாந்தின் ரீஜென்சியை. மூன்றாம் ஜார்ஜ் மனநோயால் முடங்கவே, 1811 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அவர் மகனிடம் பொறுப்பை ஒப்படைத்தது. முதல் ஓராண்டுக்கு மகனின் அதிகாரத்துக்குச் சில கட்டுப்பாடுகளும் இருந்தன. தந்தை 1820 ஜனவரி 29 அன்று இறந்ததும் மகன் நான்காம் ஜார்ஜ் ஆனார்; ரீஜென்சி முடிந்தது. மொத்தம் ஒன்பது ஆண்டுகள்தான். உடை, கட்டடக்கலை பற்றி எழுதுபவர்கள் 1795 முதல் விக்டோரியா பட்டமேறிய 1837 வரை இழுத்துக்கொள்வார்கள். அது பாணியின் பெயர், ஆட்சியின் பெயரல்ல.

தமிழில் இதற்கு என்ன சொல்? 'ராஜப்பிரதிநிதி' பொருந்தாது. பழைய பத்திரிகைகள் அதை வைசிராய்க்குக் கொடுத்துவிட்டன. வைசிராய், தூரத்தில் நலமாக இருக்கும் அரசனின் கையாள். ரீஜென்ட், ஆள இயலாத அரசனின் இடத்தில் நிற்பவர். அரசு அலுவலகங்களில் 'வட்டாட்சியர் (பொறுப்பு)' என்று எழுதுவார்களே, பொருள் அதற்கு மிக நெருக்கம். ஆனால் 'பொறுப்பாட்சி' என்று வைத்தால், மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆட்சி என்று ஏற்கெனவே வழங்கும் அரசியல் பொருளோடு மோதும். எஞ்சுவது 'பகர ஆட்சி'. பகரம் என்றால் பதில், ஈடு. 'அதற்குப் பகரமாக' என்று இலங்கையில் இன்றும் எழுதுகிறார்கள். ஆள்பவரைப் 'பகர ஆளுநர்' என்பதும் உண்டு, ஆளுநர் என்றதும் ஆளுநர் மாளிகை நினைவுக்கு வருவது மட்டுமே தொல்லை.

சொல் புதிதாகத் தோன்றினாலும் நிலைமை நமக்குப் புதிதல்ல. மதுரையில் 1689இல் ராணி மங்கம்மாள் குழந்தைப் பேரன் விஜயரங்க சொக்கநாதருக்காக ஆட்சியேற்றது பகர ஆட்சிதான். லண்டனில் ரீஜென்சி நடந்த அதே நாட்களில் திருவிதாங்கூரில், அதாவது நாகர்கோவிலும் பத்மநாபபுரமும் அடங்கிய நாட்டில், குழந்தை சுவாதித் திருநாளுக்காக ராணி கௌரி பார்வதி பாய் 1815 முதல் 1829 வரை ஆண்டார். அங்கே ஆங்கிலேயர் அமர்த்திய 'ரெசிடென்ட்' வேறு ஆள். ஒலி நெருக்கத்தால் ரீஜென்ட்டையும் ரெசிடென்ட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆட்சிமுறையைச் சொல்லும்போது பகர ஆட்சி என்றும், நாவல் வகையைச் சொல்லும்போது 'ரீஜென்சிக் காதல் நாவல்' என்றும் எழுதுவதே என் பரிந்துரை. 'விக்டோரிய காலம்' போல அது ஒரு காலத்தின் பெயராக இறுகிவிட்டது. 'பகர ஆட்சிக் காதல்' என்று போட்டால் யாருக்குப் பகரமாக யார் காதலித்தார்கள் என்று வாசகர் கேட்பார்.

இந்த வகையோடு எப்போதும் சேர்த்துப் பேசப்படும் ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் ரீஜென்சிக் காதல் நாவல் எழுதவில்லை. தன் காலத்து நாவலை எழுதினார், அவ்வளவுதான். அவருடைய நாவல்கள் 1811க்கும் 1817க்கும் இடையில் அச்சேறியது காலப் பொருத்தம். 1815 டிசம்பரில் வந்த 'எம்மா' அந்தப் பகர ஆட்சி இளவரசருக்கே காணிக்கையாக்கப்பட்டது. அரண்மனையிலிருந்து குறிப்புக் கிடைத்ததால் செய்தது அது. இளவரசரை வெறுப்பதாக 1813லேயே கடிதத்தில் எழுதியவர் ஆஸ்டின். பின்னோக்கிப் பார்த்து அந்தக் காலத்தைக் கதைக்களமாக்கிய வகை 1935இல் ஜார்ஜெட் ஹேயரின் 'ரீஜென்சி பக்' நாவலோடு உருப்பெற்றது. இந்த வகையில் முடிவு இன்பமாக இருந்தே தீர வேண்டும். இல்லையென்றால் அது வெறும் வரலாற்று நாவல்.

அடுத்த சொல் 'ரீடெல்லிங்'. மறுபுனைவு, மீள்புனைவு, தழுவல் என எல்லாவற்றையும் ஒரே பொருளில் அள்ளிப் போடுகிறோம். ஆஸ்டின் வாசகர்கள் ஆங்கிலத்தில் இதை நுட்பமாகப் பிரிக்கிறார்கள்: அதே ஊர், அதே மனிதர்கள், ஒரு திருப்பத்தை மட்டும் மாற்றினால் அது 'வேரியேஷன்'. இதற்கு நாம் சொல் தேடி அலைய வேண்டாம். முதல் நூலைப் பின்பற்றி எழுதும் வழிநூலுக்கு நன்னூல் சொல்லும் இலக்கணம்: 'முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி'. முடிவு முதல் நூலோடு ஒத்திருக்க வேண்டும், இடையில் பின்னவன் தான் விரும்பிய வேறுபாட்டைச் சொல்லலாம். ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் நாயகி எலிசபெத்தும் நாயகன் டார்சியும் சேர்ந்தாக வேண்டும், சேரும் வழி வேறாகலாம் என்ற வேரியேஷன் எழுத்தாளர்களின் உடன்பாடு இதேதான். ஆகவே 'விகற்பக் கதை' என்றே சொல்லலாம். வேலைக்காரி பார்வையிலோ தங்கை பார்வையிலோ சொல்லப்படுவதற்கு, 'ஒருசிறை தொடங்கித் திரிபுவேறு உடையது' என்று நன்னூல் காட்டும் புடைநூலை ஒட்டிப் 'புடைக்கதை' எனலாம். அங்கே இலக்கணம் முதல்நூல், வழிநூல் இரண்டையும் மனத்தில் வைத்துப் பேசுகிறது என்பதால் இது முழுப் பொருத்தமல்ல, சற்றே நீட்டிய பொருத்தம். காலமும் இடமும் மாறினால் அது தழுவல். 2000இல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்', 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யைச் செட்டிநாட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தது. தழுவல்தான், ரீஜென்சி இல்லை.

விகற்பம் சொல்வது பார்க்க எளிது. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் 61 அத்தியாயங்களில் அதிகம் கை வைக்கப்படும் இடங்களில் ஒன்று 34ஆம் அத்தியாயம்: டார்சி முதன்முறை மணம் கேட்டு மறுக்கப்படுவது. அடுத்த அத்தியாயத்தில் அவர் தரும் கடிதத்தில் விக்கம் எப்படிப்பட்டவன் என்ற உண்மை இருக்கிறது. எலிசபெத் அதை ஊரில் சொல்லாமல் மறைப்பதால்தான் அவள் தங்கை லிடியா விக்கமோடு ஓட முடிகிறது. ஓடியதால்தான் டார்சி மறைவாக உதவ முடிகிறது. உதவியதால்தான் எலிசபெத்தின் மனம் கனிவது உறுதியாகிறது. விகற்பத்தில் எலிசபெத் உண்மையை உடனே சொல்லிவிட்டால் இந்தச் சங்கிலி முழுதும் அறுந்துவிடும். அப்போது டார்சியின் குணத்தை மெய்ப்பிக்க வேறு சோதனை ஒன்றை வைத்தாக வேண்டும். பலர் வைக்க மறந்து, இருநூறு பக்கம் தோட்டத்தில் நடக்க விடுகிறார்கள்.

இருவரும் தனியாக அகப்பட்டு, ஊர் வாய்க்கு அஞ்சி மூன்றே நாளில் மணம் என்ற விகற்பமும் மலிந்து கிடக்கிறது. 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி தேவாலயத்தில் மூன்று ஞாயிறு மண அறிவிப்பு வாசிக்க வேண்டும், அல்லது உரிமம் வாங்க வேண்டும். உரிமம் என்றால் இருபத்தொரு வயது நிரம்பாதவருக்குத் தந்தை சம்மதம் தேவை. எலிசபெத்துக்கு இருபதுதான். அவள் தந்தை திரு. பென்னட் ஒப்புக்கொள்ளும் காட்சி இல்லாத மூன்று நாள் கல்யாணம் சட்டப்படி செல்லாது. எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் மணக்க விடும் சிறப்பு உரிமம் கேன்டர்பரி பேராயரிடமிருந்து வர வேண்டும், அது கடையில் கிடைப்பதல்ல.

காலப்பிழைகளில் ரயிலும் தபால்தலையும் முதலிடம். லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் 1830இல், தபால்தலை 1840இல். அதுவரை கடிதத்துக்குப் பெரும்பாலும் பெறுபவர்தான் காசு கொடுத்தார். கிராமத்து நடனக்கூடத்தில், ஆணும் பெண்ணும் அணைத்தபடி ஆடும் வால்ட்ஸ் நடனத்தை ஆடவிடுவதும் பிழை. 1816 ஜூலையில் இளவரசரின் விருந்திலேயே அது ஆடப்பட்டதற்கு லண்டன் 'டைம்ஸ்' கொதித்தது.

மொழிபெயர்ப்பாளர் அதிகம் சறுக்குவது விளிப்பெயரில். 'மிஸ் பென்னட்' என்றால் எலிசபெத்தின் அக்காள், மூத்தவள் ஜேன் மட்டும். தங்கைகளுக்குப் பெயரும் சேர வேண்டும். 'லேடி' இன்னும் வழுக்கும். அதே நாவலில் வரும் லேடி கேத்தரின், 'ஏர்ல்' என்ற பிரபுப் பட்டம் கொண்ட ஒருவரின் மகள். பிறப்பால் வந்த பட்டம், ஆகவே சொந்தப் பெயரோடு ஒட்டுகிறது. லேடி லூகாஸ் சர் பட்டம் பெற்றவரின் மனைவி. கணவரால் வந்தது, குடும்பப் பெயரோடு ஒட்டுகிறது. தமிழில் இருவரும் 'சீமாட்டி' ஆகும்போது, கேத்தரின் சீமாட்டி, லூகாஸ் சீமாட்டி என்று பெயரை மாற்றாமல் வைத்தால் போதும், வேறுபாடு தங்கிவிடும். டார்சிக்கோ பட்டமே இல்லை. அவரை மணந்த எலிசபெத்தை 'டார்சி சீமாட்டி' என்று எழுதினால், ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானம் இருந்தும் அவர் வெறும் 'மிஸ்டர்' என்பது அடிபட்டுப்போகும்.